முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர் ஆவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்களுள் ஒருவர். சென்னை மாகாண சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகவும் அதன் துணைத் தலைவராகவும் இருந்தவர். சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தின் வழி ஒழிக்கப் போராடியவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக அவ்வை இல்லத்தையும், ஏழை நோயாளிகளுக்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவியவர் இவரே.

இவரது பொதுவாழ்வு பல துறைகளில் பரவியிருப்பினும், அவற்றை இணைக்கும் இழை ஒன்று உண்டு. ஒரு குழந்தை யார் வீட்டில், எதற்காக வளர்க்கப்படுகிறது என்பதை அந்த வீட்டாரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது; சமூகமும் சட்டமும் அதைக் கேட்க வேண்டும் என்பதே அது. இந்தியாவில் தத்தெடுப்பு குறித்த சட்டங்கள் பிற்காலத்தில் இதே திசையில் வளர்ந்தன.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராசா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். இத்திருமணத்தின் காரணமாக நாராயணசாமி தம் உறவினரால் ஒதுக்கி வைக்கப்பட்டார். தாய்வழி உறவினரோடு நெருங்கிப் பழகியதால், தேவதாசிக் குடும்பங்களில் பெண் குழந்தைகளின் எதிர்காலம் எவ்வாறு முடிவு செய்யப்படுகிறது என்பதை முத்துலட்சுமி சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

அக்காலத்தில் பெண்கள் பருவமடைந்தவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது வழக்கம். முத்துலட்சுமியும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலேயே தந்தையிடமும் ஆசிரியர்களிடமும் பயின்று மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆண்கள் மட்டுமே பயின்று வந்த மகாராசா கல்லூரியில் சேர இவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டதோடு உதவித்தொகையும் வழங்கினார். ஆண்கள் கல்லூரியில் பயின்ற முதல் மாணவி என்ற நிலை இவ்வாறு இவருக்குக் கிடைத்தது.

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 ஆம் ஆண்டு பல பரிசுகளுடனும் பதக்கங்களுடனும் பட்டம் பெற்றார்.

இவர் இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் எனச் சில நூல்களிலும் பாடப்புத்தகங்களிலும் குறிப்பிடப்படுவது சரியன்று. வங்காளத்தின் கடம்பினி கங்கூலியும் மராட்டியத்தின் ஆனந்திபாய் ஜோஷியும் 1886 ஆம் ஆண்டிலேயே, அதாவது முத்துலட்சுமி பிறந்த ஆண்டிலேயே மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875 முதலே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் பயின்றுள்ளனர்.

மருத்துவப் பணியும் இல்லறமும்

பட்டம் பெற்றபின் எழும்பூரிலுள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் இவர் பணியில் சேர்ந்தார். அங்கு உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றிய முதல் பெண் இவரே. 1914 ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். சடங்குகளைத் தவிர்த்து, 1872 ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி இத்திருமணம் பதிவு செய்யப்பட்டது. தம்மைச் சமமாக நடத்த வேண்டும், பொதுப்பணிகளில் குறுக்கிடக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கணவர் ஏற்ற பின்னரே இவர் திருமணத்துக்கு இசைந்தார். இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள்.

மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டுகளில் சிறுவயதுத் தாய்மார்களின் பிள்ளைப்பேற்றுத் துன்பங்களையும், பச்சிளங் குழந்தைகளின் இறப்புகளையும் இவர் அருகிலிருந்து கண்டார். 1917 ஆம் ஆண்டு அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தில் ஈடுபாடு கொண்டு உழைத்தார். 1925 ஆம் ஆண்டு அரசின் உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேற்பயிற்சி பெற்றார். 1926 ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியாவின் சார்பாளராகக் கலந்து கொண்டார்.

சட்டமன்றப் பணி

இந்தியா திரும்பியபின், மாதர் சங்கத்தின் பரிந்துரையின் பேரில் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினரானார். மருத்துவத் தொழிலுக்கு இடையூறாகும் என்று முதலில் தயங்கியவர், சங்கத்தாரின் வற்புறுத்தலால் இசைந்தார். 1927 ஆம் ஆண்டு மேலவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்றம் ஒன்றின் துணைத் தலைவரான உலகின் முதல் பெண் என இவர் குறிப்பிடப்படுகிறார்.

மேலவையில் இவர் எழுப்பிய கோரிக்கைகளுள் பெரும்பாலானவை குழந்தைகள் நலம் சார்ந்தவை. பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைச் சிறுமியர்க்குக் கட்டணமில்லாக் கல்வி, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவை அவற்றுள் சில. 1929 ஆம் ஆண்டு நடுவண் சட்டமன்றத்தில் நிறைவேறிய குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர்களுள் இவரும் ஒருவர். இந்தியாவில் கல்வி வளர்ச்சியை ஆராய அமைக்கப்பட்ட ஆர்டாக் குழுவில் உறுப்பினராகப் பல மாகாணங்களுக்கும் பயணம் செய்தார்.

பெண் குழந்தைகளைத் தத்தெடுத்த வழக்கம்

முத்துலட்சுமி கொண்டுவந்த சட்டங்களின் நோக்கத்தை அறிய, தேவதாசிக் குடும்பங்களில் நிலவிய தத்தெடுப்பு முறையை அறிதல் வேண்டும்.

அக்காலத்து இந்துச் சட்டத்தின்படி பொதுவாக ஆண் குழந்தையை மட்டுமே சுவீகாரம் எடுக்க இயலும். குடும்பப் பெயரை நிலைநிறுத்தவும் இறுதிக் கடன்களைச் செய்யவும் ஒரு மகன் வேண்டும் என்பதே சுவீகாரத்தின் நோக்கமாக இருந்தது. தேவதாசிக் குடும்பங்களோ இதற்கு விலக்கு. அங்கே சொத்து தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. மகள் இல்லாதவர்கள் ஒரு சிறுமியைத் தத்தெடுத்துக் கொண்டனர். கோயில் பணிக்கு ஈடாக விடப்பட்ட மானிய நிலத்தைத் தொடர்ந்து அனுபவிக்க வேண்டுமாயின், அடுத்த தலைமுறையில் பணி செய்ய ஒரு பெண் இருந்தாக வேண்டும். ஆகவே, தத்தெடுத்த சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவது குடும்பத்தின் வாழ்வாதாரத்தோடு பிணைந்த ஒன்றாயிற்று.

வறுமையில் வாடிய பெற்றோர் சிலர் தம் பெண் குழந்தைகளைப் பணத்துக்காக இக்குடும்பங்களுக்குக் கொடுத்தனர். பின்னாளில் இவ்வழக்கத்தை எதிர்த்துத் தஞ்சைப் பகுதியில் பரப்புரை செய்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரே (1883 - 1962) இவ்வாறு பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர்தான். வளர்த்தவள் தாய் என்றும், விற்றது தத்துக் கொடுத்தது என்றும் ஊரில் பேசப்பட்டது. குழந்தையின் சார்பில் கேள்வி கேட்பார் எவரும் இருக்கவில்லை.

நீதிமன்றங்களும் இதில் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றம் 1880 ஆம் ஆண்டு இத்தகைய தத்தெடுப்பு ஒழுக்கத்துக்கு மாறானது எனக் கூறிச் செல்லாதென்றது. சென்னை உயர்நீதிமன்றமோ இதை ஒரு வழக்காறாகக் கருதி, பரத்தமைத் தொழிலுக்காக எடுக்கப்பட்டது என நிறுவப்படாத வரையில் ஏற்றுக்கொண்டது. சிறுமியரைப் பரத்தமைக்காக விற்பதையும் வாங்குவதையும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆம் பிரிவுகள் குற்றமாக்கியிருந்தன. எனினும் நோக்கத்தை நிறுவும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவரைச் சார்ந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் தத்து என்று சொல்லிவிட்டால், சாட்சி சொல்ல எஞ்சியவள் அந்தச் சிறுமி மட்டுமே. தண்டனைச் சட்டம் ஏட்டளவில் நின்றதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான சட்டங்கள்

1927 ஆம் ஆண்டு நவம்பரில், சிறுமியரைக் கோயில்களுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் இயற்றுமாறு அரசைக் கோரும் தீர்மானத்தை முத்துலட்சுமி மேலவையில் முன்மொழிந்தார். அது நிறைவேறியது. மைசூர் சமஸ்தானம் இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே கோயில்களில் தேவதாசிப் பணியை நிறுத்திவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

தீர்மானத்தோடு நில்லாமல், அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கோரும் மசோதாவை 1928 ஆம் ஆண்டு கொண்டுவந்தார். இது 1929 ஆம் ஆண்டின் 5 ஆம் சட்டமாக நிறைவேறியது. கோயில் பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களைப் பணி செய்யும் கட்டாயத்திலிருந்து விடுவித்ததே இச்சட்டத்தின் சாரம். பணி செய்யாவிடில் நிலம் பறிபோகும் என்ற அச்சம் நீங்கியது. நிலத்தைக் காக்க ஒரு சிறுமியைத் தத்தெடுத்துப் பொட்டுக்கட்ட வேண்டிய தேவையும் அத்துடன் நீங்கியது. தண்டனையைக் கூட்டுவதற்கு முன், தீமைக்கு ஊற்றான பொருளாதாரக் காரணத்தை அகற்றியது இச்சட்டத்தின் சிறப்பு எனலாம்.

அடுத்ததாக, பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் மசோதாவை 1930 ஆம் ஆண்டு கொண்டுவந்தார். அவ்வாண்டு உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து மேலவையிலிருந்து விலகியதால், மசோதா நிறைவேறுவதை உறுப்பினராக இருந்து காண இயலவில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947 ஆம் ஆண்டில் சென்னை தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலில் பங்குகொள்வோரும் உடந்தையாய் இருப்போரும் தண்டனைக்கு உரியவராயினர். பொட்டுக்கட்டப்பட்ட பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவும் இச்சட்டம் வழி செய்தது.

1930 ஆம் ஆண்டு நிறைவேறிய சென்னை பரத்தமை வணிகத் தடைச் சட்டத்துக்கும் இவர் உறுதுணையாக நின்றார். பரத்தையர் விடுதிகளில் இருக்கும் சிறுமியரை மீட்டுப் பாதுகாப்பில் வைக்க இச்சட்டம் அதிகாரம் அளித்தது.

எதிர்ப்புகள்

இம்முயற்சிகளுக்கு இரு திசைகளிலிருந்து எதிர்ப்பு வந்தது. சத்தியமூர்த்தி போன்ற காங்கிரசுத் தலைவர்கள் சமயத்திலும் மரபிலும் சட்டம் தலையிடக் கூடாது என்றும், கலை அழிந்துவிடும் என்றும் வாதிட்டனர். தேவதாசிப் பெண்களும் சங்கம் அமைத்து அரசுக்கு மனு அளித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் இதில் முன்னின்றார். தங்களைப் பரத்தையரோடு ஒன்றாக எண்ணுவது தவறு, இசையும் நடனமும் தங்கள் தொழில், சீர்திருத்தம் வேண்டுமெனில் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். மறுபுறம் காந்தியும், ஈ. வெ. இராமசாமியின் சுயமரியாதை இயக்கமும், இசை வேளாளர் சங்கங்களும் முத்துலட்சுமியை ஆதரித்தன.

எதிர்ப்பாளர்கள் வளர்ந்த பெண்களின் உரிமையையும் கலையையும் முன்வைத்துப் பேசினர். முத்துலட்சுமி தம் வாதத்தை, தனக்கு நேர்வது என்னவென்று அறியும் வயதை எட்டாத சிறுமியை முன்வைத்தே அமைத்தார்.

அவ்வை இல்லம்

சட்டம் மீட்கும் சிறுமி எங்கே வாழ்வாள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. 1930 ஆம் ஆண்டளவில் பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பி வந்த சில சிறுமியர் முத்துலட்சுமியின் வீட்டில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைப் படிக்க வைக்க இவர் மாணவியர் விடுதிகளை அணுகியபோது, தாசி குலத்துப் பெண்களைச் சேர்க்க இயலாது என்று மறுத்துவிட்டனர். சாதி பார்க்காத விடுதி ஒன்றும் கிடைக்காததால், தம் வீட்டையே விடுதியாக்கினார். இதுவே அவ்வை இல்லத்தின் தொடக்கம்.

சில சிறுமியரோடு தொடங்கிய இல்லம் விரைவிலேயே பெருகியது. 1936 ஆம் ஆண்டு அடையாற்றுக்கு மாற்றப்பட்டது. அனாதைகள், கைவிடப்பட்டோர், கைம்பெண்கள், வறுமையால் பெற்றோரால் வளர்க்க இயலாதோர் எனப் பலரும் சாதி, சமய வேறுபாடின்றிச் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். உணவும் உறைவிடமும் மட்டும் போதா எனக் கருதி, பள்ளிக் கல்வி, ஆசிரியப் பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றையும் இல்லத்தில் ஏற்படுத்தினார். இங்கு பயின்றவர்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் பணி பெற்றனர். திருமணமோ பொட்டோ அன்றித் தன் கல்வியால் வாழ்ந்தவர் எனத் தமிழ் மரபு போற்றும் அவ்வையாரின் பெயர் இல்லத்துக்கு இடப்பட்டது பொருத்தமானதே.

இல்லத்தின் நடைமுறை ஒன்று கவனத்துக்குரியது. இங்கே வளர்ந்த குழந்தை ஒரு தனிமனிதரின் உடைமையாக இருக்கவில்லை. பொதுமக்கள் நன்கொடையாலும் அரசின் உதவியாலும் நடத்தப்பட்டதால், கணக்கும் நடத்தையும் பலரது பார்வைக்கு உட்பட்டிருந்தன. தத்தெடுத்தவர் வீட்டின் மூடிய கதவுக்குப் பின் நிகழ்வதை எவரும் அறிய இயலாத நிலைக்கு இது நேர்மாறானது.

புற்றுநோய் மருத்துவமனை

தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட முத்துலட்சுமி, இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கப் பல ஆண்டுகள் முயன்றார். அரசு ஆர்வம் காட்டாத நிலையில் மாதர் சங்கத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் அன்றைய பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் மருத்துவமனை அடையாற்றில் செயல்படத் தொடங்கியது. இவரது மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955 ஆம் ஆண்டு அங்கு சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதனை நாட்டின் முன்னணிப் புற்றுநோய் மையங்களுள் ஒன்றாக வளர்த்தெடுத்தனர்.

பிற பணிகள்

மாதர் சங்கத்தின் இதழான ஸ்திரீ தர்மத்தின் ஆசிரியராக 1930களில் பணியாற்றினார். சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மேனாக இருந்தார். மாநில சமூக நல வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். இவரது பணிகளைப் பாராட்டி இந்திய அரசு 1956 ஆம் ஆண்டு பத்ம பூசண் விருது வழங்கியது. தம் சட்டமன்ற அனுபவங்களையும் தன்வரலாற்றையும் ஆங்கிலத்தில் நூல்களாக எழுதியுள்ளார்.

தத்தெடுப்புச் சட்டத்தில் பின்னாளைய மாற்றங்கள்

முத்துலட்சுமி பத்ம பூசண் பெற்ற அதே 1956 ஆம் ஆண்டில் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண் குழந்தையையும் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்றும், மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்றும் இச்சட்டம் கூறியது. தேவதாசிக் குடும்பங்களில் மட்டும் வழக்காறாக இருந்த ஒன்று இவ்வாறு எல்லா இந்துப் பெண்களுக்கும் உரிமையாயிற்று. அதே வேளையில், தத்துக்கு ஈடாகப் பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றமாக்கப்பட்டன. பாதுகாவலர் ஒருவர் குழந்தையைத் தத்துக் கொடுக்க வேண்டுமாயின் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அது குழந்தையின் நலனுக்கு உகந்ததா என நீதிமன்றம் ஆராய வேண்டும்.

எனினும் பெற்றோர் நேரடியாகக் கொடுக்கும் தத்துக்கும், வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கும் அக்காலத்தில் போதிய கண்காணிப்பு இருக்கவில்லை. வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான நெறிமுறைகளை 1984 ஆம் ஆண்டு வகுத்தது. 1990 ஆம் ஆண்டு மத்திய தத்தெடுப்பு ஆதார அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992 ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டு, அரசிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டனர்.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னரும் குறைகள் இருந்தன என்பதை வடசென்னை நிகழ்வுகள் காட்டின. 1990களின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில் புளியந்தோப்பு உள்ளிட்ட பகுதிகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், பெற்றோர் மனமுவந்து கொடுத்ததாகக் காட்டும் போலி ஆவணங்களுடன் ஓர் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டிருந்தது 2005 ஆம் ஆண்டு காவல்துறை விசாரணையில் வெளிப்பட்டது. வழக்கு பின்னர் நடுவண் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆத்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்த பிள்ளைகளைத் தேடிச் சென்னைப் பெற்றோர் பல்லாண்டு அலைய நேர்ந்தது. அங்கே அவர்களை வளர்த்தவர்களோ, முறைப்படி தத்தெடுத்ததாகவே நம்பியிருந்தனர். 2019 ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் பச்சிளங் குழந்தைகளைச் சட்டத்துக்குப் புறம்பாக விற்றது தொடர்பாக ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் மற்றும் சிலரும் கைது செய்யப்பட்டனர். தத்து என்ற பெயர் விற்பனையை மறைக்கும் போர்வையாவது முத்துலட்சுமியின் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

2000 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழுக்களுக்கு வழி செய்தது. கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்கு உரியதென அறிவிக்கும் அதிகாரம் இக்குழுவுக்கே உண்டு. 2015 ஆம் ஆண்டின் புதிய சட்டம் தத்தெடுப்பு ஆதார அமைப்பைச் சட்டமுறை ஆணையமாக்கியது. அச்சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்க விரும்புவோர் இணையத்தில் பதிவு செய்து வரிசையில் காத்திருக்க வேண்டும். குடும்பச் சூழல் குறித்த ஆய்வும், தத்தெடுத்த பின் தொடர் கண்காணிப்பும் கட்டாயம். 2021 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி தத்தெடுப்பு ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றப்பட்டது; இது 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அரசு இல்லங்களுக்கும் கண்காணிப்பு தேவை என்பது 2020 சூனில் மீண்டும் உணரப்பட்டது. சென்னை இராயபுரத்திலுள்ள அரசு சிறுவர் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்று கண்டறியப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கோரியது.

விமர்சனங்கள்

பிற்கால ஆய்வாளர்கள் சிலர் முத்துலட்சுமியின் சீர்திருத்தத்தை மறுமதிப்பீடு செய்துள்ளனர். அம்ரித் சீனிவாசன், தாவேஷ் சொனெஜி முதலியோரின் ஆய்வுகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. தேவதாசிப் பெண்களுக்கு இருந்த சொத்துரிமை, கல்வி, கலைத்தொழில் ஆகியவை சட்டத்தால் பாதிக்கப்பட்டன என்பதும், அவர்களது நடனம் மேல்தட்டுக் குடும்பங்களின் மேடைக்கு மாறியபோது மரபுவழிக் கலைஞர்கள் வறுமையில் தள்ளப்பட்டனர் என்பதும், சீர்திருத்த விவாதத்தில் அப்பெண்களின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பதும் இவ்விமர்சனங்களின் சாரம்.

இவ்விமர்சனங்களில் உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வளர்ந்த பெண்களின் வாழ்வாதாரத்துக்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டம் மாற்று ஏற்பாடு எதையும் செய்யவில்லை. ஆயினும், விலை கொடுத்துப் பெறப்பட்ட சிறுமிக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்ற முத்துலட்சுமியின் கேள்வியை இவ்வாய்வுகள் வலுவிழக்கச் செய்யவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இவரை நடுநிலையோடு மதிப்பிடும் வழியாகும்.

மறைவும் நினைவும்

முத்துலட்சுமி ரெட்டி 1968 சூலை 22 அன்று, தம் 81 ஆவது வயதில் சென்னையில் காலமானார்.

ஏழைக் கருவுற்ற தாய்மார்களுக்கு உதவித்தொகை வழங்கும் தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. இத்தொகை 2006 ஆம் ஆண்டு 6,000 ரூபாயாகவும், 2011 ஆம் ஆண்டு 12,000 ரூபாயாகவும், 2018 ஆம் ஆண்டு 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவரது பிறந்தநாளான சூலை 30 மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படும் என 2019 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அறிவித்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் ஒன்றும் தமிழ்நாட்டில் செயல்படுத்தப்பட்டு, 2022 ஆம் ஆண்டு அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்விக்கான உதவித்தொகைத் திட்டமாக மாற்றப்பட்டது.

அவ்வை இல்லமும் அதன் பள்ளிகளும் அடையாறு பகுதியில் இயங்கி வருகின்றன.